15 கிலோ போய்விட்டது, திரும்ப வருமா?

மூன்று பக்கக் கடிதம். எழுதியவருக்கு 52 வயது. நாக்கின் அடிப்பகுதியில் புற்றுநோய் என்று தெரிந்து 35 முறை ரேடியேஷன், கூடவே வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து. சிகிச்சை முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. மூன்றாம் மாதம் எடுத்த ஸ்கேனில் நோய் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் 68 கிலோ இருந்தவர் இப்போது 53 கிலோ. உயரம் 168 செ.மீ. பெல்ட்டில் ஆணியைச் சூடுகாட்டி ஒவ்வொன்றாக நான்கு ஓட்டை போட்டாராம், இப்போது நான்காவது ஓட்டையிலும் பேண்ட் நிற்கவில்லையாம். மாடிப்படி ஏறினால் தொடை நடுங்குகிறது, தாழ்வான நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடியவில்லை, நாள் முழுக்க நின்று பார்க்கும் என் வேலைக்கு எப்படித் திரும்புவேன் என்று கேட்கிறார்.

வாய் எப்போதும் வறண்டு கிடக்கிறது. எதைத் தின்றாலும் அட்டையை மெல்வது போல இருக்கிறது. நாக்கில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது, சுரண்டினால் எரிகிறது. புற்றுநோய்க்குத் தீனி போடக்கூடாது என்று வாட்ஸாப்பில் வந்ததைப் பார்த்து வீட்டில் சர்க்கரை, பால், முட்டை, எண்ணெய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். ஒரு நாளில் அவர் சாப்பிடுவது மூன்று டம்ளர் பழச்சாறு, இரண்டு வேளை நீர்த்த கஞ்சி, ஒரு கிண்ணம் தெளிந்த சூப், கொஞ்சம் மசித்த காய். மனைவி ஒவ்வொரு வேளையும் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்து கெஞ்சுகிறார், கடைசியில் இரண்டு பேரில் ஒருவர் அழுகிறோம் என்று எழுதியிருக்கிறார்.

அவருடைய கேள்விகள் இவை. பழைய 68 எப்போது வரும்? ஜிம்முக்குப் போகும் மைத்துனர் மகன் எடை கூட்டும் பவுடர் ஒரு டப்பா வாங்கி வந்திருக்கிறான், குடிக்கலாமா? பசிக்கு ஸ்டீராய்டு மாத்திரை போட்டால் உடம்பு தேறும் என்கிறார்களே, உண்மையா? போன மாதம் இன்னும் ஒரு கிலோ குறைந்திருக்கிறது, நோய் திரும்பிவிட்டதா? சிகிச்சையின்போது உணவு செலுத்தக் குழாய் வைக்கலாம் என்றார்கள், மறுத்துவிட்டேன், அதனால்தான் இப்படி ஆனதா? எல்லாவற்றுக்கும் கீழே, கையெழுத்துக்கு முன்னால் ஒரு வரி: “சில சமயம் தண்ணீர் குடித்தால் இருமல் வருகிறது, சளிதான் என்று நினைக்கிறேன்.”

அன்பு நண்பருக்கு,

அந்தக் கடைசி வரியிலிருந்துதான் தொடங்கப் போகிறேன். நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு மற்ற மூன்று பக்கத்தையும்விட அதுதான் கவலை தந்தது.

முதலில் அந்தத் தண்ணீர் இருமல்

தொண்டையில் ரேடியேஷன் வாங்கியவர்களுக்கு, விழுங்கும் தசைகள் புண் ஆறும்போது கொஞ்சம் கொஞ்சமாக விறைத்துப்போகலாம். நாம் விழுங்கும் அந்த ஒரு நொடியில் மூச்சுக்குழாயின் வாசல் மூடிக்கொள்ள வேண்டும். அது சரியான நேரத்தில் மூடவில்லை என்றால் தண்ணீர் போன்ற நீர்த்த பொருள்தான் முதலில் தவறான வழியில் போகும். கெட்டியான உணவு மெதுவாக நகரும், தொண்டைக்குச் சுதாரிக்க நேரம் கிடைக்கும், தண்ணீருக்கு அந்தப் பொறுமை கிடையாது. இப்படி நுரையீரலுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருந்தால் நிமோனியா வரும். சிலருக்கு இருமல்கூட வராமல் உள்ளே போகும், உங்களுக்கு இருமலாவது வருகிறது.

அதனால் எடை கூட்டும் வேலையின் முதல் படி சாப்பாட்டு மேசையில் இல்லை. உங்கள் சிகிச்சைக் குழுவிடம் இந்த இருமலைச் சொல்லி, விழுங்கும் பரிசோதனை வேண்டும் என்று கேளுங்கள். பேச்சு மற்றும் விழுங்கும் பயிற்சியாளர் என்று ஒருவர் இருப்பார். எக்ஸ்ரே திரையில் நீங்கள் விழுங்குவதைப் பார்த்தோ, மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டுப் பார்த்தோ, எந்தப் பதத்தில் இருப்பது பாதுகாப்பாக இறங்குகிறது, எது இறங்கவில்லை என்று சொல்லிவிடுவார். அதற்கேற்ற பயிற்சியும் தருவார். அதுவரை நிமிர்ந்து உட்கார்ந்து, சின்னச் சின்ன மடக்காக, பேசாமல், டிவி பார்க்காமல் விழுங்குங்கள். சாப்பிட்டு அரை மணி நேரமாவது படுக்காதீர்கள். காய்ச்சல், மஞ்சளாகச் சளி, மூச்சு வாங்குதல் என்று ஏதாவது வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அதே முறை மருத்துவமனைக்குப் போகும்போது கேட்க இன்னும் இரண்டு விஷயம். நாக்கில் படியும் வெள்ளை அநேகமாகப் பூஞ்சைத் தொற்று. எச்சில் குறைந்த வாயில் இது சர்வசாதாரணம். பூஞ்சைக்கான மருந்து கொடுத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் சரியாகிவிடும், எரிச்சலும் போய்விடும். இதைச் சுரண்டிக்கொண்டு மாதக்கணக்கில் பட்டினி கிடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், மனசு கேட்காது. அப்புறம் கண்ணாடி முன் நின்று ஒரு கையின் சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் முன்பற்களுக்கு நடுவில் வைத்துப் பாருங்கள். மூன்றும் நுழையவில்லை என்றால் தாடை இறுகத் தொடங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதற்கும் பயிற்சி உண்டு, சீக்கிரம் தொடங்கினால் பலன் அதிகம்.

உங்கள் உடம்பில் எது குறைந்தது

68-இல் 15 போனால் 22 சதவீதம். ஆறு மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல் போனாலே டாக்டர்கள் நாங்கள் கவனிக்கத் தொடங்கிவிடுவோம். புற்றுநோயில் இளைப்பதற்கும் சாதாரணமாகப் பட்டினி கிடந்து இளைப்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. வெறும் பட்டினியில் உடம்பு கொழுப்பை முதலில் செலவழித்து, தசையை முடிந்தவரை காப்பாற்றும். நோயும் அதன் அழற்சியும் இருக்கும்போது அந்தக் கட்டுப்பாடு போய்விடும், தசையும் கூடவே கரையும். இதற்குக் கேகெக்ஸியா என்று பெயர்.

உங்கள் தொடை நடுங்குவதும் கையை ஊன்றி எழுவதும் தசை போனதன் அடையாளம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் கேட்ட கேள்வி “68 எப்போது வரும்” என்பது. வெறும் கொழுப்பையும் நீரையும் ஏற்றி 68 காட்ட முடியும், அப்போதும் மாடிப்படியில் தொடை நடுங்கத்தான் செய்யும். நமக்கு வேண்டியது தசை. உங்கள் விஷயத்தில் நல்ல செய்தி, நோய் இப்போது அடங்கியிருக்கிறது. நோய் தீவிரமாக இருக்கும்போது எவ்வளவு ஊட்டினாலும் உடம்பு அதைத் தசையாக மாற்றாமல் தடுமாறும். இப்போது அந்தத் தடை பெரும்பாலும் விலகிவிட்டது, கட்டுவதற்குச் சரக்குதான் வந்து சேரவில்லை.

வேகத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வாரத்துக்குக் கால் கிலோ முதல் அரைக் கிலோ என்றால் நன்றாகத் தேறுகிறீர்கள் என்று அர்த்தம். அதுவும் எல்லா வாரமும் ஏறாது. ஆறு மாதத்தில் நாலைந்து கிலோ ஏறி, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழ முடிந்தால் நான் மிகவும் சந்தோஷப்படுவேன். பழைய 68 வராமலே போகலாம். வராவிட்டாலும் நீங்கள் வேலைக்குப் போக முடியும்.

சர்க்கரை, பால், முட்டை எல்லாம் நோய்க்குத் தீனியா?

உங்கள் வீட்டில் இதைப் பயத்தினால் செய்தார்கள், அன்பினால் செய்தார்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் தவறு நடந்தது இங்கேதான், அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

புற்றுநோய்ச் செல்கள் குளுக்கோஸை அதிகமாக இழுக்கின்றன என்பது உண்மை. ஓட்டோ வார்பர்க் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி 1920களிலேயே இதைக் கவனித்து எழுதினார். உடம்பில் புற்றுநோய் எங்கே என்று தேடும் பெட் ஸ்கேன் வேலை செய்வதே இந்தக் குணத்தை வைத்துத்தான். ஆனால் இதிலிருந்து “சர்க்கரையை நிறுத்தினால் புற்றுநோய் பட்டினியில் சாகும்” என்பதற்குத் தாவ முடியாது. மூளைக்கும் ரத்த அணுக்களுக்கும் குளுக்கோஸ் வேண்டும், அதனால் நீங்கள் தின்னாவிட்டால் உடம்பு தானே அதைத் தயாரித்துக்கொள்ளும். எதிலிருந்து தயாரிக்கும்? உங்கள் தசையிலுள்ள புரதத்தை உடைத்து, கல்லீரலில் குளுக்கோஸாக மாற்றும். நீங்கள் சாப்பாட்டைக் குறைத்து நோயைப் பட்டினி போடவில்லை, உங்கள் தொடையைக் கொடுத்து ரத்தச் சர்க்கரையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறீர்கள்.

அதற்காகச் சர்க்கரையைக் கரண்டி கரண்டியாகப் போடுங்கள் என்று சொல்லவில்லை. உங்களுக்கு அதில் வேறு ஆபத்து இருக்கிறது. எச்சில்தான் பல்லைக் காக்கும் கவசம். எச்சில் வற்றிய வாயில் நாள் முழுக்கப் பழச்சாறை உறிஞ்சிக்கொண்டே இருந்தால் பல் ஈறோரத்தில் மளமளவென்று சொத்தையாகும். ரேடியேஷன் பட்ட தாடையில் பல்லைப் பிடுங்குவது சாதாரண விஷயம் இல்லை, எலும்பு ஆறாமல் புண்ணாகிப்போகும் வாய்ப்பு உண்டு. எனவே பழச்சாறைக் குறையுங்கள், ஃப்ளோரைடு பேஸ்ட் பற்றிப் பல் மருத்துவரிடம் கேளுங்கள், எந்தப் பல்லையும் பிடுங்குவதற்கு முன் ரேடியேஷன் வாங்கியதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

பால், முட்டை, எண்ணெய் மூன்றையும் இன்றைக்கே மறுபடி வீட்டுக்குள் கொண்டு வாருங்கள். மூன்றும் உங்கள் நோயைத் திரும்ப வரவழைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. முட்டையைப் பச்சையாக மட்டும் குடிக்காதீர்கள், பாலைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள், கிருமித் தொற்று உங்கள் உடம்புக்கு இப்போது தாங்காது. நீரிழிவு இருந்தால் கணக்கு மாறும், உங்கள் கடிதத்தில் அது இல்லை, ஆனாலும் அடுத்த ரத்தப் பரிசோதனையில் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

எவ்வளவு, எப்படி

நீங்கள் எழுதிய ஒரு நாள் உணவை உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். தோராயமாக 800, 900 கலோரிக்கு மேல் வராது. புரதம் 20 கிராம் தேறினால் அதிகம். உங்கள் எடைக்கு, இருக்கிற உடம்பை அப்படியே வைத்திருக்கவே 1,600 கலோரி போல வேண்டும். எடை ஏற வேண்டும் என்றால் அதற்கு மேல் 300 முதல் 500 கலோரி. அதாவது நாம் போய்ச் சேர வேண்டிய இடம் 2,000 பக்கம். புரதம் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் என்று வைத்தால் 64 முதல் 80 கிராம். இப்போது சாப்பிடுவதில் புரதம் மூன்று நான்கு மடங்காக வேண்டும். மலைப்பாக இருக்கும், சரி, கொஞ்சம் பொறுங்கள்.

ஒரே நாளில் தாவாதீர்கள். இது பழகிக்கொள்வதற்காகச் சொல்வது இல்லை, பாதுகாப்புக்காகச் சொல்வது. பல மாதம் அரைப்பட்டினியில் இருந்த உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் மூன்றும் சட்டென்று இறங்கிவிடலாம், இதயம் தடுமாறும் அளவுக்குக்கூடப் போகும். சிஸ்பிளாட்டின் ஏற்கெனவே மக்னீசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்து. எனவே உணவைக் கூட்டும் முன் இந்த மூன்றையும், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினினையும் ரத்தத்தில் பார்த்துவிடச் சொல்லுங்கள், தயமின் என்ற பி1 வைட்டமின் வேண்டுமா என்றும் கேளுங்கள். கிரியாட்டினின் கூடியிருந்தால் நான் சொன்ன புரத அளவை மருத்துவர் மாற்றுவார். எல்லாம் சரியாக இருந்தால் மூன்று நாலு நாளைக்கு ஒருமுறை 200 கலோரி போல ஏற்றிக்கொண்டே போங்கள். கால் வீங்கினாலோ, படபடப்பு, குழப்பம், மூச்சிரைப்பு வந்தாலோ நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனை.

இனி எப்படிச் சாப்பிடுவது. வயிறு கொள்ளும் அளவு சிறிது, வாய் ஒத்துழைக்கும் நேரமும் சிறிது. எனவே அளவைக் கூட்டாமல் அதே கிண்ணத்துக்குள் சத்தைக் கூட்ட வேண்டும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி இருக்கிறது. மசித்த காயிலும் கஞ்சியிலும் பருப்பிலுமாக ஒரு நாளில் மூன்று மேசைக்கரண்டி எண்ணெயோ வெண்ணெயோ கலந்துவிட்டால் 300 கலோரிக்கு மேல் சேர்ந்துவிடும், கிண்ணத்தின் அளவு மாறாது, உங்கள் வறண்ட தொண்டையில் வழுக்கிக்கொண்டும் இறங்கும். கஞ்சியைத் தண்ணீரில் காய்ச்சாமல் பாலில் காய்ச்சுங்கள், அதிலேயே இரண்டு கரண்டி பால் பவுடரைக் கரையுங்கள். தெளிந்த சூப் உங்கள் வயிற்றை நிரப்பிவிட்டு ஒன்றும் கொடுக்காமல் போகும் விருந்தாளி, அதில் வேகவைத்த பருப்பையோ கோழியையோ அரைத்துச் சேருங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

புரதக் கணக்கு இப்படி வரும். முட்டை மூன்று 18 கிராம். பால் அரை லிட்டர் 16. பால் பவுடர் மூன்று மேசைக்கரண்டி 6 முதல் 8. வெந்த பருப்பு ஒரு கிண்ணம் 15 போல. கெட்டித் தயிர் ஒரு கிண்ணம் 7. இதுவே 60-ஐத் தாண்டிவிட்டது. மீனோ கோழியோ சாப்பிடுபவர் என்றால் உள்ளங்கையில் பாதி அளவு துண்டு இன்னும் 15 சேர்க்கும். சாப்பிடாதவர் என்றால் கடலை வெண்ணெய், சோயா இரண்டும் கைகொடுக்கும். இவை எல்லாமே மென்மையாக, ஈரமாக, கெட்டியாகச் செய்யக்கூடியவை. விழுங்கும் பரிசோதனை முடியும்வரை பாலைத் தண்ணீர் போலக் குடிப்பதைவிட, முட்டை சேர்த்துக் கெட்டியாகக் காய்ச்சிய பதத்திலோ தயிராகவோ எடுத்துக்கொள்ளலாம்.

பசி வரும் என்று காத்திருக்காதீர்கள், இந்தக் காலத்தில் பசியை நம்ப முடியாது. என்னிடம் வந்த ஒரு பெண்மணி, உங்களைப் போலவே வாய் வறண்டவர், போனில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு அலாரம் வைத்துக்கொண்டார். அலாரம் அடித்தால் ஐந்து கரண்டி, அவ்வளவுதான். ஆறாவது கரண்டி விருப்பம் இருந்தால். “மாத்திரை மாதிரி நினைத்துக்கொண்டேன் டாக்டர், மாத்திரையில் ருசி பார்க்கிறோமா” என்றார். ஒரு நாளில் ஏழு அலாரம், 35 கரண்டி. மூன்று வேளைத் தட்டில் அவர் அதுவரை அவ்வளவு சாப்பிட்டதே இல்லை. காலையில்தான் பலருக்குக் கொஞ்சம் நன்றாக இறங்கும், அந்த நேரத்தைச் சத்தான உணவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிடும் முன் உப்பும் சமையல் சோடாவும் கலந்த வெதுவெதுப்பான நீரில் வாய் கொப்பளியுங்கள். உலோக வாடை அடித்தால் மரக் கரண்டியோ பிளாஸ்டிக் கரண்டியோ பயன்படுத்திப் பாருங்கள். சுவை பெரும்பாலோருக்கு மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் திரும்பும், ஆறாம் மாதம் பிடிக்காதது பத்தாம் மாதம் பிடிக்கலாம், எனவே ஒதுக்கிய உணவை மாதம் ஒருமுறை மறுபடி நாக்கில் வைத்துப் பாருங்கள்.

இவ்வளவும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தே இருந்தால் ஏறுவது கொழுப்புதான். தசைக்கு வேலை கொடுத்தால்தான் வந்த புரதம் அங்கே போய்ச் சேரும். “ஓய்வெடு, ஓய்வெடு” என்று வீட்டில் சொல்வார்கள், இப்போது ஓய்வு உங்களை இன்னும் பலவீனமாக்கும். உயரமான, ஆடாத நாற்காலியைச் சுவரோரம் போட்டுக்கொள்ளுங்கள். உட்கார்ந்து எழுங்கள், தேவைப்பட்டால் கை ஊன்றி, ஐந்து முறை. ஓய்வு. இன்னும் ஐந்து முறை. வாரத்தில் மூன்று நாள். சுவரில் கை வைத்துத் தள்ளுவது, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துத் தூக்குவது. மற்ற நாட்களில் நடை, முதல் வாரம் பத்து நிமிடம் போதும். மயக்கம், நெஞ்சு வலி, ரத்தச் சோகை இருந்தால் முதலில் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். எத்தனை முறை கை ஊன்றாமல் எழுந்தீர்கள் என்பதை ஞாயிற்றுக்கிழமை தோறும் எடைக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். எடை வாரம் ஒருமுறை போதும், காலையில், கழிவறை போய்வந்து, அதே உடையில். தினமும் ஏறி நின்று பார்த்தால் நீரின் ஏற்ற இறக்கம்தான் தெரியும், மனசு உடைந்துபோகும். இரண்டு நாளில் இரண்டு கிலோ ஏறினால் சந்தோஷப்படாதீர்கள், கணுக்காலை விரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்று பாருங்கள்.

பவுடர், மாத்திரை, குழாய்

ஜிம் பவுடர் டப்பாவை இப்போதைக்கு மூடி வையுங்கள். பையனைத் திட்ட வேண்டாம், அவன் மாமாவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று வாங்கி வந்திருக்கிறான். எடை கூட்டும் பவுடர்களில் பெரும்பகுதி மலிவான மாவுச்சத்து. சிலவற்றில் லேபிளில் சொல்லாத ஸ்டீராய்டு போன்ற கலப்படம் பிடிபட்டதும் உண்டு. சிஸ்பிளாட்டின் வாங்கிய சிறுநீரகத்துக்கு அந்தச் சூதாட்டம் தேவையில்லை. உணவால் கணக்கு எட்டவில்லை என்றால் நோயாளிகளுக்கென்றே தயாரிக்கப்படும் ஊட்டச்சத்து பானங்கள் இருக்கின்றன, 200 மி.லி.யில் 300 கலோரி போலத் தரும். உணவியல் நிபுணரிடம் கேட்டு அதை எடுத்துக்கொள்ளலாம், விழுங்கத் தேவையான கெட்டிப் பதத்திலும் கிடைக்கும்.

ஸ்டீராய்டு மாத்திரை பசியைத் தூண்டும், உண்மைதான். இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் போனால் அதுவே தொடைத் தசையைக் கரைக்கும், சர்க்கரையை ஏற்றும். நமக்கு எது வேண்டுமோ அதையே தின்றுவிடும் மருந்து உங்களுக்கு எதற்கு? மெஜெஸ்ட்ரால் என்று ஒன்று உண்டு, எடை ஏறும், ஏறுவது பெரும்பாலும் கொழுப்பும் நீரும், ரத்தம் உறையும் ஆபத்தும் சேர்ந்து வரும். ஓலான்ஸபைன் என்ற மனநல மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்தால் நோய் முற்றியவர்களுக்குப் பசியும் எடையும் கூடுகிறது என்று 2023-இல் வெளிவந்த ஆய்வு நல்ல பலன் காட்டியது, தூக்கம் வரும் என்பது அதன் குறை. உங்கள் சிக்கல் வாயிலும் தொண்டையிலும் இருப்பதால் நான் மருந்துக்கு அவசரப்பட மாட்டேன். இவற்றில் எதையும் கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

குழாயை மறுத்ததற்காக உங்களை நீங்களே குற்றவாளியாக்கிக்கொள்ள வேண்டாம். அது உங்கள் உடம்பு, வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இருந்தது. அதே உரிமையோடு இப்போது மறுபடி யோசிக்கவும் செய்யலாம். விழுங்குவது பாதுகாப்பில்லை என்று பரிசோதனையில் வந்தாலோ, எவ்வளவு முயன்றும் தேவையில் பாதிகூட ஒரு வாரத்துக்கு மேல் இறங்கவில்லை என்றாலோ, வயிற்றில் சின்னக் குழாய் வைத்துச் சில மாதம் ஊட்டுவது நல்ல வழி. பலர் அதைக் கடைசிக் கட்டம் என்று பயப்படுகிறார்கள். தேறியதும் எடுத்துவிடலாம். சட்டைக்குள் மறைந்திருக்கும், நடக்கலாம், வேலை பார்க்கலாம். ஒரு விஷயம் மட்டும் முக்கியம், குழாய் இருந்தாலும் பயிற்சியாளர் அனுமதிக்கும் அளவுக்கு வாயால் விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். பயன்படுத்தாத தொண்டை இன்னும் இறுகும்.

உங்கள் மனைவியிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். அம்மா, நீங்கள் கெஞ்சுவதால் அவருக்கு எச்சில் ஊறாது, அவர் வேண்டுமென்றே மறுக்கவும் இல்லை. ஐந்து மாதமாகப் பயந்துகொண்டே சமைக்கிறீர்கள், அது எவ்வளவு களைப்பு என்று எனக்குத் தெரியும். இனி எண்ணெயும் பாலும் முட்டையும் சேர்த்துச் சின்னக் கிண்ணத்தில் வைப்பது உங்கள் வேலை, எத்தனை கரண்டி என்பது அவர் வேலை. வைத்துவிட்டு நீங்களும் உங்கள் தட்டை எடுத்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். “இன்னும் ஒரு வாய்” என்ற வார்த்தையை ஒரு வாரத்துக்கு வீட்டில் யாருமே சொல்லாமல் இருந்து பாருங்கள்.

நோய் திரும்பிவிட்டதா?

900 கலோரி சாப்பிடுபவருக்கு மாதம் ஒரு கிலோ குறைவதற்குப் புற்றுநோய் தேவையில்லை, அந்தக் கணக்கே போதும். ராத்திரி தூங்காமல் இதையே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள், அதனால் இதை முதலில் சொல்கிறேன். ஆனாலும் மருத்துவரிடம் சொல்லாமல் விடக்கூடாது. தலை, கழுத்துப் புற்றுநோய் திரும்பினால் பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள்தான் திரும்பும், அதனால்தான் இந்தக் காலத்தில் அடிக்கடி கூப்பிட்டுப் பார்க்கிறார்கள், ஒரு முறையைக்கூடத் தவறவிடாதீர்கள். கழுத்தில் புதுக் கட்டி, வாயில் ரத்தம், ஒரு பக்கக் காதில் விடாத வலி, குரல் மாற்றம், விழுங்குவது வாரத்துக்கு வாரம் மோசமாவது, இவற்றில் எது வந்தாலும் அடுத்த தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்கினால் அதுவும் அப்படியே. கழுத்தில் ரேடியேஷன் வாங்கியதால் தைராய்டு பிற்பாடு மந்தமாகலாம், ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்கு ஒருமுறை டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும், உங்களுக்கு அந்த நேரம் வந்துவிட்டது.

எதிலும் மனம் ஒட்டாமல், எழுந்து குளிக்கவே பிடிக்காமல் இருக்கிறது என்று ஓரத்தில் எழுதியிருக்கிறீர்களே, அதையும் மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். மனச்சோர்வும் பசியைக் கொல்லும், அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

டாக்டர் அறைக்குள் போனதும் பாதி மறந்துவிடும், பத்து நிமிடம்தான் கிடைக்கும். எனவே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி எடுத்துப் போங்கள்: நாக்கில் வெள்ளை, வாய் திறப்பது எத்தனை விரல், ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம், கிரியாட்டினின், சர்க்கரை, டிஎஸ்ஹெச், உணவியல் நிபுணரிடம் அனுப்ப முடியுமா, மனசு சரியில்லை. இதற்கெல்லாம் மேலே, முதல் வரியாக, தண்ணீர் குடித்தால் இருமல் வருகிறது என்று எழுதுங்கள்.